எட்டு பேர் படுக்கலாம்... ஆறு பேர் போக முடியாது!

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் எல்கார்ட் என்று ஓர் ஊர். சிகாகோவிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம். சுற்றுலா வருகிறவர்கள் பொதுவாக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால், அமெரிக்க நெடுஞ்சாலைகளில் படுக்கை, பாத்ரூம், அடுப்பு, ஃப்ரிட்ஜ் சகிதம் உருண்டு போகிறதே, ஆர்.வி. என்று செல்லமாகக் கூப்பிடுகிற ஓடும் வீடுகள்... அவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிறப்பது இந்த வட்டாரத்தில்தான். சுருக்கமாகச் சொன்னால், ஊரே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி!

ஊரின் ஜாதகமே இந்த வண்டிகளோடு கட்டப்பட்டது. பொருளாதாரம் படுத்த 2009-ல் வண்டி வாங்க ஆள் இல்லை. ஊரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. ஜனாதிபதி ஒபாமா அந்தப் பிப்ரவரியில் நேரில் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பிறகு கொரோனா வந்தது. விமானமும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம், நம்ம கட்டிலில் நாமே படுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம் என்று ஜனங்கள் கிளம்ப, 2021-ல் ஒரே வருஷத்தில் ஆறு லட்சம் வண்டிகள் விற்பனைக்குப் போயின. சரித்திரத்தில் அதுதான் உச்சம்.

இன்னொரு தகவல். தண்ணீரில் போட்டால் 'புஸ்ஸ்' என்று பொங்குமே, ஆல்கா-செல்ட்சர் மாத்திரை... 1931-ல் அது பிறந்ததும் இதே எல்கார்ட்டில்தான். ஏன் இந்த ஊரில் என்பது வண்டிகளின் விலையைக் கேட்ட பிறகு எனக்குப் புரிந்தது.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் சித்தப்பா. அட்லாண்டாவில் முப்பது வருஷம் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, போன வருஷம் ரிடையர் ஆனார். ரிடையர் ஆன மறுநாளே, "நேஷனல் பார்க் ஒண்ணு விடாம பாத்துடணும்டா. பெருசா ஒரு மோட்டார்ஹோம் வாங்கப் போறேன். நீ பி.காம். படிச்சவன், கூட வந்து கணக்குப் பாரு" என்றார். கடன் வட்டி பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பார்க்க வேண்டியிருந்தது வேறு கணக்கு.

*

எல்கார்ட்டைச் சுற்றி கோஷன், மிடில்பரி, ஷிப்ஷெவானா என்று சின்னச் சின்ன ஊர்கள். அங்கெல்லாம் ஆமிஷ் மக்கள் வசிக்கிறார்கள். கார் வைத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் மதக் கட்டுப்பாடு. தாடியும் தொப்பியுமாக, கறுப்புப் பெட்டி மாதிரி குதிரை வண்டியில் 'டக் டக்' என்று போகிறார்கள். கடை வாசலில் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே குதிரை கட்டக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆர்.வி. தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் ஏராளமானவர்கள் இந்த ஆமிஷ்காரர்கள். சைக்கிளிலோ, வாடகை வேனில் கூட்டமாகவோ வந்து, மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடப் போகிற வீட்டுக்குத் தச்சு வேலை செய்துவிட்டு, சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் குதிரைக்குப் புல் போடுகிறார்கள்.

சாலையோரம் ஒரு குதிரை வண்டி நின்றிருந்தது. பின்னால் மூட்டைகள். சித்தி சொன்னாள்: "பாவம், குதிரைக்குப் பாரம் ஜாஸ்தி போலிருக்கு. நின்னுடுச்சு."

குதிரைக்கு அந்த நல்ல குணம் உண்டு. பாரம் அதிகமானால் நின்றுவிடும். முந்நூற்றுச் சொச்சம் குதிரை சக்தி உள்ள எஞ்சினுக்கு அந்தக் குணம் கிடையாது. எவ்வளவு ஏற்றினாலும் 'சரிங்க எஜமான்' என்று இழுத்துக்கொண்டு போகும். மலை இறக்கத்தில்தான் தன் அபிப்பிராயத்தைச் சொல்லும். அது தெரியாமல் மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

*

நெடுஞ்சாலை ஓரமாக இந்த வண்டிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 1913-ல் செய்த எர்ல் டிரெய்லர் அங்கே நிற்கிறது. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற குட்டியூண்டு மரப்பெட்டி. கொஞ்சம் தள்ளி, ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட்டுக்காக பாரமவுன்ட் ஸ்டூடியோ கொடுத்த 1931 ஷெவர்லே 'வீட்டுக் கார்'. அந்தக் காலத்தில் அதுவே மகாராணி வாழ்க்கை. வீட்டுக்கார அம்மாள் ஒரு சூட்கேஸ் அதிகம் வைத்தாலும் டிரைவருக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு சின்னது.

அங்கிருந்து நேராக ஒரு டீலரின் மைதானத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். வரிசை வரிசையாக வண்டிகள், எல்லாம் நம் ஆம்னி பஸ் சைஸ். சித்தப்பா கண் வைத்தது முப்பத்தெட்டு அடி நீளத்தில் ஒரு பெட்ரோல் வண்டி. விலை இரண்டு லட்சம் டாலருக்கு மேல். (ஆல்கா-செல்ட்சர்!)

உள்ளே போனோம். சேல்ஸ்மேன் ஒரு பட்டனை அழுத்தினார். சுவர் 'ங்ங்ங்' என்று வெளியே நகர்ந்தது. சோபாவோடு, டி.வி.யோடு, அறையே அகலமாகிவிட்டது. இதற்கு ஸ்லைடு என்று பெயர். இப்படி நாலு ஸ்லைடு. வீட்டு சைஸ் ஃப்ரிட்ஜ், துணி துவைக்க ஒரு மெஷின், காயவைக்க ஒரு மெஷின், மின்சாரக் கணப்பு, கல் பதித்த சமையல் மேடை. திறந்த இடமெல்லாம் அலமாரி. வெளியே வந்தால் வயிற்றுப் பகுதியில் இரு பக்கமும் பெட்டி பெட்டியாக சாமான் அறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் படுக்கலாம்.

"எட்டு பேர் தூங்கலாம் சார்!" என்றார் சேல்ஸ்மேன்.

சித்தியின் முகம் மலர்ந்தது. "பையன், மருமக, குழந்தைங்க எல்லாரும் வரலாம். கிரைண்டரை இங்க வெச்சுக்கலாம். இட்லிப் பானை இங்க. அரிசி மூட்டை கீழ..." என்று மனசுக்குள் குடித்தனம் ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாசல் கதவின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஸ்டிக்கர்.

*

2008 ஜூனிலிருந்து அமெரிக்காவில் புது மோட்டார்ஹோம் ஒவ்வொன்றிலும் இந்த ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று சட்டம். 'ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து எடை இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது' என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு ஓ.சி.சி.சி. என்று பெயர். டிரைவர் இருக்கை அருகே இன்னொரு ஸ்டிக்கர். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண், ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்று முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் தனித்தனி எண்.

பயப்படாதீர்கள். உதிரிக் கட்சிகளின் பெயர் மாதிரி இருந்தாலும் விஷயம் சுலபம். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது வண்டி, ஆள், சாமான், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அந்த வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை. நம் பாஷையில் மாசச் சம்பளம். வண்டியின் சொந்த எடை, நிரம்பிய பெட்ரோல், நிரம்பிய சமையல் கேஸ் எல்லாம் சம்பளம் வந்த அன்றே பிடித்தம் ஆகிவிடும். கைக்கு வருகிற பாக்கிதான் ஓ.சி.சி.சி.

சித்தப்பா ஆசைப்பட்ட வண்டியின் மொத்தச் சம்பளம் 24,000 பவுண்டு. கிலோவில் சுமார் 10,900. கைக்கு வருவது? 1,760 பவுண்டு. அதாவது 800 கிலோ.

"எண்ணூறு கிலோவா? ஏகப்பட்டது ஆச்சே!" என்றார் சித்தப்பா.

"உக்காருங்க சித்தப்பா" என்று சோபாவில் உட்காரவைத்து, ஒரு காகிதத்தை எடுத்தேன்.

சித்தப்பா, சித்தி இருவரும் சேர்ந்து 150 கிலோ. (சித்தி எனக்குச் சொன்ன எடையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.) பாக்கி 650.

தண்ணீர்த் தொட்டி 80 காலன். அமெரிக்கக் காலன் ஒன்றுக்கு 3.8 கிலோ. ஆக, 300 கிலோ. பாக்கி 350. தண்ணீரும் சாமான் கணக்கில்தான் வரும். இது பலருக்குத் தெரிவதில்லை. குழாயைத் திறந்தால் வருகிற சமாசாரத்துக்கு எடை உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

மாதக்கணக்கில் ஊர் சுற்றத் துணிமணி, கம்பளி, போர்வை, செருப்பு, ஷூ: 80 கிலோ. பாக்கி 270.

சமையலறை: கிரைண்டர், குக்கர் மூன்று, தட்டு, பாத்திரம், அரிசி, பருப்பு, எண்ணெய், ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறவை: 90 கிலோ. பாக்கி 180.

கரன்ட் கேபிள், தண்ணீர்க் குழாய், டூல்ஸ், ஜாக்கிக்கு அடியில் வைக்கிற கட்டை, வெளியே போட்டு உட்கார நாற்காலி மேஜை, கறி சுடுகிற அடுப்பு: 100 கிலோ. பாக்கி 80.

"இப்ப பையனும் மருமகளும் ரெண்டு குழந்தைங்களும் ஏறுறாங்க" என்றேன். "நாலு பேரும் சேர்ந்து 185 கிலோ."

சித்தப்பா மனசுக்குள் கழித்துப் பார்த்தார். 105 கிலோ பற்று!

"எட்டு பேர் படுக்கலாம்னு சொன்னாரே?"

"படுக்கலாம் சித்தப்பா. வண்டி நின்னுட்டு இருக்கும்போது!"

பாங்க்கில் என்றால் ஓவர்டிராஃப்ட் கொடுப்பார்கள். ஆக்ஸில் கொடுக்காது. சீட் பெல்ட்டை எண்ணினோம். ஆறுதான். ஆக, எட்டு பேர் படுக்கலாம், ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம், நியாயமாக நாலு பேர் பயணம் செய்யலாம். மூன்றும் மூன்று வேறு கணக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது மட்டும்.

சேல்ஸ்மேன் நல்ல மனிதர். "சார், ஹெல்ப்பர் ஸ்பிரிங் போட்டுக்கலாம்" என்றார். போடலாம். வண்டி ஆடாமல் போகும். ஆனால், தாங்கும் எடை ஒரு பவுண்டுகூட ஏறாது. அந்த எண், சட்டம், ஆக்ஸில், வீல், டயர், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து தயாரித்தவர் நிர்ணயிப்பது. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கி என்ன பிரயோஜனம்?

இன்னொன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீலர் தன் பங்குக்குக் கூடுதல் பாட்டரி, கூடுதல் ஏ.சி. என்று விற்பதற்கு முன் 100 பவுண்டுக்கு மேல் மாட்டினால், ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும் திருத்தியாக வேண்டும். 'திருத்தினீர்களா?' என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

*

இங்கேதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஃபோர்டு எஃப்-53 என்கிற ஒரே குடும்பத்து சேஸிஸ். அதன் மேல் யார் வேண்டுமானாலும் வீடு கட்டிக்கொள்கிறார்கள். சேஸிஸ் தாங்குகிற எடை மாறாது. அதன் மேல் வீட்டை நீட்டிக்கொண்டே போய், ஸ்லைடு, கல் மேடை, வாஷிங் மெஷின் என்று சேர்த்துக்கொண்டே போனால் நமக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே வரும். வீடு பெரிசாக ஆக, ஏற்றக்கூடிய சாமான் சிறிசாகும். அலமாரி நிறைய, அதில் வைக்கத்தான் அனுமதி இல்லை. பெரிய பங்களா வாங்கிவிட்டு, வீட்டுக் கடன் போக ரேஷன் அரிசி சாப்பிடுகிற கதைதான்.

டீசல் வண்டிகள் வேறு ஜாதி. எஞ்சின் பின்னால், காற்று பிரேக், எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வசதி, பெரும்பாலும் சுமக்கும் சக்தியும் அதிகம். விலையும் அப்படியே. அங்கேயும் ஸ்டிக்கர் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வரக் கூடாது.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நல்லவேளையாக, அதை நேரில் பார்க்க வழி இருந்தது. "ஓட்டிப் பாக்கறோம், அப்படியே எடை போட்டுட்டு வந்துடறோம்" என்று சித்தப்பா கேட்க, சேல்ஸ்மேன் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, தானும் ஏறிக்கொண்டார்.

அமெரிக்காவில் லாரிகள் தங்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்று எடை மேடை இருக்கிறது. 1977-லிருந்து இருக்கிற கம்பெனி. மேடை தனித்தனித் துண்டுகளாக இருக்கும். முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் இன்னொன்றில். ஆக்ஸிலுக்கு ஆக்ஸில் எடை அச்சடித்துச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். செலவு நாலு பேர் ஓட்டலில் காபி குடிக்கிற காசு. இரண்டு லட்சம் டாலர் வண்டிக்கு அது ஒரு செலவே இல்லை. ஆனால், வாங்குகிறவர்களில் எத்தனை பேர் வந்து எடை போடுகிறார்கள் என்று சேல்ஸ்மேனைக் கேட்டேன். சிரித்தார்.

நாங்கள் நாலு பேர், தண்ணீர்த் தொட்டி காலி. சீட்டில் பின் ஆக்ஸில் 6,600 கிலோ. (அவர்கள் பவுண்டில் தருகிறார்கள், நான் மாற்றிச் சொல்கிறேன்.) அதன் வரம்பு 7,030. மிச்சம் 430 கிலோ.

இப்போது சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே 20 அடி. தண்ணீர்த் தொட்டி, பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் 4 அடி தள்ளி, வால் பகுதியில். 300 கிலோ தண்ணீரை அங்கே ஊற்றினால் பின் ஆக்ஸிலில் 300 ஏறாது, 360 ஏறும்! கூடுதல் 60 எங்கிருந்து வந்தது? முன் ஆக்ஸிலிலிருந்து தூக்கிக் கொடுக்கப்படுகிறது. ஆக, பின்னால் மிச்சம் 70 கிலோ. முன்னால் ஸ்டியரிங் சக்கரங்கள் தரையை அழுத்துவது 60 கிலோ குறைவு. வாலில் இன்னும் சாமானை அடைக்க அடைக்க முன்பக்கம் லேசாகிக்கொண்டே போகும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி தாண்டிப் போகும்போது காற்று தள்ளுமே, அப்போது ஸ்டியரிங் பிடிப்பவருக்கு அடிவயிற்றில் ஒன்று நடக்கும்.

இடது வலதும் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ், சமையல் மேடை எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டயர் தினமும் ஓவர்டைம் பார்க்கும். சக்கரம் சக்கரமாக எடை போட்டுத் தருகிற அமைப்புகளும் அங்கே உண்டு. எந்தப் பக்கம் அதிகமோ அந்த எடைக்குத் தக்கபடி டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, அந்த ஆக்ஸிலின் எல்லா டயருக்கும் ஒரே அளவு காற்று அடிக்க வேண்டும். காற்று குறைந்து, எடை கூடி, வெயிலில் வேகமாகப் போனால் டயர் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே வரும். முன் டயர் வெடித்தால் பத்து டன் வீடு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

டயருக்கு வயசும் உண்டு. மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்று கிழடாகிப் போவதுதான் அதிகம். பட்டன் பளபளப்பாக இருக்கும், உள்ளே விரிசல். டயர் ஓரத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்தது. ஐந்து வயசுக்கு மேல் வருஷா வருஷம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வயசானால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்கிறது மிஷெலின். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கலர் பார்க்கும் முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

*

"இவ்வளவு சட்டம் பேசறியே, போலீஸ்காரன் பிடிப்பானா?" என்று சித்தி கேட்டாள்.

அதுதான் தமாஷ். பிடிக்க மாட்டார்! சரக்கு லாரிகளை அங்கே எடை மேடையில் ஏற்றி, ஒரு ஆக்ஸிலில் கொஞ்சம் கூடினாலும் அபராதம் தீட்டுகிறார்கள். சொந்தக் குடும்பத்தோடு போகிற மோட்டார்ஹோமைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. லைசென்ஸும் அப்படித்தான். 26,000 பவுண்டுக்கு மேல் சரக்கு வண்டி ஓட்ட விசேஷ லைசென்ஸ், பரீட்சை எல்லாம் உண்டு. சொந்த மோட்டார்ஹோம் என்றால் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸ் போதும். டெக்ஸாஸ், பென்சில்வேனியா மாதிரி சில மாநிலங்கள் 26,000 பவுண்டைத் தாண்டினால் வேறு லைசென்ஸ் கேட்கும். கலிஃபோர்னியாவில் 40 அடிக்கு மேல் நீளம் போனால் கேட்கும். மற்ற இடங்களில், நேற்று வரை மாருதி சைஸ் காரை ஓட்டிக்கொண்டிருந்த அறுபத்திரண்டு வயசுக்காரர் இன்றைக்குப் பதினொரு டன்னை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இங்கிலாந்தில் இந்தக் கதை நடக்காது. 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் பரீட்சை பாஸ் செய்தவர், டீசல் மோட்டார்ஹோம் என்றால் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். மேலே போக வேண்டுமென்றால் இன்னொரு பரீட்சை. நாங்கள் பார்த்த வண்டி அதைப்போல் மூன்று மடங்கு!

சட்டம் பிடிக்காத இடத்தில் நம்மை நாமே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் கஷ்டம்.

*

அன்று வண்டி வாங்கவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றார் சித்தப்பா. குரலில் சுருதி இறங்கியிருந்தது. இருபது வருஷக் கனவில் பி.காம். படித்தவன் ஒருவன் வந்து கூட்டல் கழித்தல் போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அட்லாண்டாவுக்குச் சுமார் 700 மைல். காரில் திரும்பினோம். நாஷ்வில்லில் இரவு தங்கும் வரை அவர் அதிகம் பேசவில்லை.

மறுநாள் நாஷ்வில்லுக்கும் சட்டனூகாவுக்கும் நடுவில், ஐ-24 நெடுஞ்சாலையில் மான்டீகிள் மலை வந்தது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று காடு. சாலை ஒரேயடியாகக் கீழே இறங்குகிறது. சில மைல்களுக்கு விடாத இறக்கம். 'லாரிகள் கீழ் கியரில் இறங்கவும்' என்று போர்டுக்கு மேல் போர்டு. பெரிய பெரிய லாரிகள் எல்லாம் விளக்கை மினுக்கிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. சாலையை விட்டுப் பிரிந்து மேட்டில் ஏறுகிற ஒரு கிளைப் பாதை. முழுக்கச் சரளைக் கல். எங்கேயும் போகாத பாதை.

"இது என்னப்பா, ரோடு போட்டுட்டுப் பாதியில விட்டுட்டாங்க?" என்றாள் சித்தி.

பாதியில் விடவில்லை. பிரேக் போன லாரி ஏறிப் புதைந்து நிற்பதற்காகவே போட்டிருக்கிறார்கள்.

பிரேக் எதற்குப் போகிறது? வண்டி மலையிலிருந்து இறங்கும்போது அந்த எடை முழுவதும் கீழே போக ஆசைப்படுகிறது. பிரேக் அதைப் பிடித்துச் சூடாக மாற்றுகிறது. சித்தப்பாவின் கார் 1,600 கிலோ. அந்த மோட்டார்ஹோம் 10,900. அதே வேகத்தில் பிரேக்குக்கு ஏழு மடங்கு வேலை. வேகம் இரண்டு மடங்கானால் வேலை நாலு மடங்கு. காலை எடுக்காமல் பிரேக்கில் வைத்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பழுத்துப்போய், திரவம் கொதித்து, மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். வண்டி நிற்காது. அனுபவசாலிகள் மலை உச்சியிலேயே கியரைக் குறைத்து, மெதுவாகவே இறக்கத்தை ஆரம்பிப்பார்கள். வேகம் கூடினால் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து, விட்டுவிடுவார்கள். பிரேக் ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

பின்னால் கார் கட்டி இழுக்க ஆசை என்றால் அதற்கும் ஒரு கணக்கு. வண்டியும் காரும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை ஒன்று. கொக்கி தாங்குகிற எடை இன்னொன்று. முதலாவதில் நம் வண்டியின் எடை போக மிஞ்சுவது, கொக்கி தாங்குவது, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் நமக்கு. இழுக்கப்படும் காருக்குத் தனி பிரேக்கும் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் அந்தக் காரும் நம்மைத்தான் தள்ளும்.

இறக்கம் முடிந்து சமதளம் வந்ததும் சித்தப்பா ஓரமாகக் காரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கண்ணாடியில் பின்னால் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா... பேரக் குழந்தைங்க எங்க உக்காருவாங்க அந்த வண்டியில?"

"நடு சோபாவுல, சித்தப்பா."

"அந்தக் காகிதத்தை எடு."

*

பத்து நாள் கழித்து வாங்கியது முப்பத்துமூன்று அடி வண்டி. அதே சேஸிஸ், அதே 24,000 பவுண்டு. நீளம் ஐந்து அடி குறைவு. ஸ்லைடு நாலுக்குப் பதில் இரண்டு. கல் மேடை இல்லை, கணப்பு இல்லை, துவைக்கிற மெஷின் இல்லை. ஸ்டிக்கரில் 3,520 பவுண்டு, 1,600 கிலோ. பெரிய வண்டியைவிட அப்படியே இரண்டு மடங்கு! விலையிலும் கொஞ்சம் மிச்சம். பெரிசை விட்டுச் சிறிசை வாங்கியதால் பையன், மருமகள், குழந்தைகள், கிரைண்டர் எல்லாருக்கும் இடம் கிடைத்தது. எல்லாரும் ஏறி, தொட்டியை நிரப்பி, முதல் வேலையாக எடை மேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கினார்கள். மொத்த எடையும் வரம்புக்குள், இரண்டு ஆக்ஸிலும் வரம்புக்குள்.

நமக்கு எங்கே மோட்டார்ஹோம் என்று கேட்காதீர்கள். ஆபீஸ் நண்பர்களோடு வேன் பிடித்துப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எத்தனை பேரை வண்டி தாங்கும், நிறுத்தும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விற்கிறவர் பதில் சொல்வார். இரண்டாவதுக்குக் கதவோரம் ஒரு சின்ன ஸ்டிக்கர் பதில் சொல்லும். குனிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் சித்தி போன் செய்தாள். யெல்லோஸ்டோன் போயிருக்கிறார்களாம். "கிரைண்டரை பின்னாடி வெக்கக் கூடாது, ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுலதான் வெக்கணும்னு உங்க சித்தப்பா ஒரே பிடிவாதம்டா" என்று புகார் சொன்னாள்.

மாவு நன்றாகப் பொங்கியதா என்று விசாரித்துவிட்டு போனை வைத்தேன்.